சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுபோன பாட்டு

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, பக்கத்து ஜெபக்கூடத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு மட்டும் ஆகவே ஆகாது. வாராவாரம் சுவரைத் தட்டித் திட்டுவார்.

எனக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் காணோம். மூன்றாவது ஞாயிறு, "இழுத்து மூடிட்டாங்களான்னு பார்த்துட்டு வரேன்" என்று மிதப்பாகப் போனவர், பேயறைந்தவர்போலத் திரும்பி வந்தார்.

"கூடம் நிறைய ஆளு. எல்லாரும் வாயை மட்டும் அசைச்சுப் பாடுறாங்கடி! கை மேல கை படாம தட்டுறாங்க! ஏன்னு கேட்டா, 'அக்கா தூங்கணும்ல அண்ணே, அவங்களுக்காகத்தான் ஜெபம் பண்றோம்'னு பாஸ்டர் என் காதுல சொல்றாரு. நான் திட்டுன திட்டு கொஞ்சமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்தப் பாட்டுக்காகத்தான் மூணு வாரமா காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கேன். போய் சத்தமா பாடச் சொல்லுங்க!"

போனார். சற்று நேரத்தில் சுவர் அதிரப் பாட்டு எழுந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும், "இயேசுவே" என்று தாளம் தப்பி இழுத்தது ஒரு கரகரத்த குரல்.

அவர் குரல்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். யாரையும் திட்டாமல் அது அவ்வளவு நேரம் ஒலித்து நான் கேட்டதே இல்லை.