பாலத்துக்கு அங்கால

ஒன்பது வயதில் உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர், இன்றுவரை நான் கால் வைக்காத ஒரு ஜெர்மன் கிராமம். பூமியின் தென்கோடியில் நாங்கள் வந்து குடியேறியிருந்த பக்குரங்காவில் அடுத்த தெருவின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் கிராமத்தில் எத்தனை வீட்டில் மாடு கட்டியிருக்கிறது என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன்.

எல்லாம் பள்ளிக்கூடத்துப் புராஜெக்டால் வந்த வினை. தூரத்துச் சிற்றூர் ஒன்றின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் எழுதி, பெரிய வரைபடமும் கீற வேண்டும். திறமானவை மண்டபத்துச் சுவரில் ஏறும். பெற்றோர் வந்து பார்ப்பார்கள். என் பெயர் அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரைத்தான் எழுதுவதாக இருந்தேன். அங்கிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா சம்மதிக்கவில்லை.

"எங்கட ஊரை எழுதினா டீச்சருக்கு என்ன விளங்கப்போகுது? ஜெர்மனியை எழுது. மாமா அங்கைதானே இருக்கிறார். ஐரோப்பா எண்டா ஒரு மதிப்பு."

ஊரில் கந்தோர் உத்தியோகத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போன அப்பா, இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மதிப்பைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கூடுதலான கவலை இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. உயர்தர வகுப்பில் பூகோளம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தவர், நாட்டு நிலைமை கெட்டதும் எப்படியோ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் சனத்திடம் அம்மா "தம்பி ஜெர்மனியில" என்று சொல்லும்போது அவருடைய முதுகு தானாக நிமிரும். மாமா அங்கே என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் மட்டும் தேத்தண்ணீர் போட எழுந்துவிடுவார். நான் கண்ணாடிக் கட்டடங்களையும் நீளமான கார்களையும் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

மாமாவிடமிருந்து பதினொரு பக்கக் கடிதம் வந்தது. கண்ணாடிக் கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தெரு, எழுபத்திரண்டு வீடு, சாம்பல் நிறக் கூரை போட்ட தேவாலயம், தீயணைக்கும் வண்டி நிற்க ஒரு கொட்டில். முந்தி ஒரு காலத்தில் ஊரே எரிந்து, பாண் சுடுகிற போறணை மட்டும் மிஞ்சியதாம். போரில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம். ஒரே குடும்பப் பெயர் ஐந்து தரம் வருகிறதாம். போர் முடிந்ததும் கிழக்கேயிருந்து சனம் தள்ளுவண்டியோடு வந்து, பழைய விடுதியின் மேல்மாடியில் தங்கியதாம். இப்போது அதே மேல்மாடியில்தான் மாமாவும் வேறு பதினொரு பேரும் இருக்கிறார்களாம். எந்தத் தோட்டத்தில் எத்தனை அப்பிள் மரம், எந்த நாய் கடிக்கும், கோயில் மணி எத்தனை நிமிடம் பிந்தி அடிக்கும் என்பதுவரை எழுதியிருந்தார். வேலைக்குப் போகிற ஒருவருக்கு அப்பிள் மரம் எண்ண எங்கே நேரம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

மாமா கீறி அனுப்பிய வரைபடமும் அப்படியே. ஒரு கோழிக்கூடும் தப்பவில்லை. ஆனால் வடக்கே ஓர் ஓடை, அதன்மேல் ஒரு கல் பாலம், அதற்கு அங்கால வெறும் வெள்ளைத் தாள்.

அதைப் பார்த்து நான் கீறிக்கொண்டுபோன படத்தின் வெள்ளையில் டீச்சர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "பாலத்துக்கு அங்கால எனக்குத் தெரியாது, செல்லம். இங்கயிருந்து பார்க்கப் பச்சையாய்த் தெரியுது."

இது என்ன கதை? எந்த நாய் கடிக்கும் என்று தெரிந்தவருக்குப் பாலத்துக்கு அப்பால் தெரியாதா? அப்பாவைக் கேட்டேன். "வெள்ளையா விடு" என்றார். அம்மாவைக் கேட்டேன். "மாமாவைக் கரைச்சல் படுத்தாத, பிள்ளை" என்றார். ஏன் என்று இருவரும் சொல்லவில்லை. எனக்குத் தலை குழம்பி, குழப்பம் கோபமாகிவிட்டது. அம்மா மாமாவுக்கு எழுதும் ஏரோகிராமில் மடிக்கிற கடைசித் துண்டை எப்போதும் எனக்கு விட்டுவைப்பார். அதில் எழுதினேன்: "பத்து நிமிஷ நடைதானே மாமா. ஒருக்காப் போய்ப் பார்த்தா என்ன? உங்களுக்குப் பயமா?" அம்மா பார்க்குமுன் ஒட்டி, டெய்ரி என்கிற மூலைக்கடைக்கு முன்னால் இருந்த தபால் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு என் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. பாலத்துக்கு அங்கால முழுவதும் இருந்தது! பீட்ரூட் வயல், மரம் அறுக்கிற ஆலை, இரண்டு பெரிய மரங்கள், கடைசியில் சனம் குந்தியிருக்க நீல வாங்கு போட்ட ஒரு பஸ் தரிப்பிடம். வாங்குக்குப் பக்கத்தில் மாமா எழுதியிருந்தார்: "இதில கொஞ்ச நேரம் இருந்தனான். வெயில் நல்லா இருந்தது. இதுக்கு அங்கால பார்க்கக் கிடைக்கேல்ல."

அம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அம்மா குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வாசித்தார். பிறகு அப்பா வாசித்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. "இனிமேல் மாமாட்டக் கேள்வி கேட்காத" என்று மட்டும் அப்பா சொன்னார். நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அந்தக் கடிதத்தைப் பத்தொன்பது வயதில், பழைய கடிதங்களை அடுக்கும்போதுதான் வாசித்தேன். அகதியாக விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாமாவுக்கு வேலை செய்யவும் அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. ஓடைதான் எல்லை. இரண்டு வருடமாக அந்தப் பாலத்தின் இந்தப் பக்கத்தோடு திரும்பிக்கொண்டிருந்தவர், நான் கேட்டதற்காக அன்று தாண்டினார். நீல வாங்கில் இருந்தவரைப் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. இரண்டு நாள் வைத்திருந்து, அவருடைய கோப்பிலும் எழுதிவிட்டார்கள். "இதால கேஸ் பழுதாப்போகுமோ தெரியாது அக்கா. பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அடுத்த வருடம் வழக்குத் தள்ளுபடியாகி, மாமா மறுபடி ஊரூராக அலைந்து கனடா போய்ச் சேர்ந்தார். பாலம் தாண்டியதால்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அந்த ஒன்பது வயதில் என் வரைபடம் சுவரில் ஏறியது. பெற்றோர் வந்து பார்த்த பிற்பகலில் அப்பா வேலையில் நின்றார்; அம்மா மட்டும் சேலை உடுத்து வந்தார். முதல் படத்தில் பாலத்துக்கு அங்கால ஏன் வெள்ளையாக இருந்தது என்று டீச்சர் கேட்டார். "மாமா சரியான சோம்பேறி. நான்தான் அவரைப் போகப் பண்ணினேன்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் சிரித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

அம்மா வரைபடத்துக்குக் கிட்டப் போய், நான் பாஸ்டலால் அழுத்தித் தீட்டியிருந்த நீல வாங்கின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"விரலை எடுங்கோ அம்மா," என்றேன். "கலையுது."