கடைசித் தெருவை அவர் ஓட்டுவார்

அடையாற்றங்கரையில் பிறந்தவன் நான். குடிசைகளை எடுத்தபோது எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் போயிற்று. லாரியில் கிளீனர், பிறகு டிரைவர். நெல்லூர், ஹூப்ளி, சூரத் என்று சுற்றிவிட்டுத் திரும்பியபோது எனக்கென்று வீட்டில் யாரும் மிச்சமில்லை. ஆதம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஆக்டிங் டிரைவர் ஆனேன். கூப்பிடுகிறவர்களின் காரை, கூப்பிடும் நேரத்துக்குப் போய் ஓட்டுகிற வேலை. சாவியை வாங்கும்போது ஒரு வார்த்தை, கொடுக்கும்போது ஒரு வார்த்தை. சில நாள் நான் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் என்னை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வீடு மயிலாப்பூரில். குடித்துவிட்டு ஓட்டி இரண்டாவது முறையாகப் பிடிபட்டிருந்தார். முதல் முறை அபராதத்தோடு போயிற்று. இந்த முறை லைசென்ஸையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. குடியை விட்டுவிட்டதாக என்னிடம் சொன்னார். நான் பார்த்தவரை குடிக்கவும் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அவரே தெருமுனை வரை ஓட்டிவந்து வண்டியை என்னிடம் கொடுப்பார். சாயங்காலம் அதே முனையில் நான் இறங்கிக்கொள்ள வேண்டும். கடைசித் தெருவை அவர் ஓட்டுவார். அவர் ஸ்டியரிங் பிடித்திருப்பதை வாசலில் நிற்கும் மனைவி பார்க்க வேண்டும். சட்டப்படி அதுவும் தப்புதான். சின்னத் தெரு, குடிக்காத மனிதர் என்று விட்டுவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு டிபன் கடையில் நிறுத்துவார். மற்ற முதலாளிகள் பொட்டலம் வாங்கிக் கொடுத்து வண்டியிலேயே சாப்பிடச் சொல்வார்கள். இவர் என்னை எதிரே உட்காரவைப்பார்.

“இன்னா நைனா, தோசையை இப்படி முழுங்கினா எவன் பொண்ணு குடுப்பான்?”

“சொந்த வண்டி கீதான்னு கேக்குறானுங்க சார். உங்களுதைக் காட்டவா?”

“காட்டு. லைசென்ஸ் உன்னுது, வண்டி என்னுது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு மாப்பிள்ளை.”

அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே மிச்ச நாளை ஓட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டே சட்டத்தைத் திட்டுவார். “ரெண்டாவது தடவைன்னா ஜெயில்ல கூட போடலாமாம். நான் இன்னா கொலையா பண்ணேன்?” என் யோசனை வேறு. லைசென்ஸை எடுத்துக்கொண்டவர்கள், அபராதம் கட்டியதும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடை வைத்திருப்பவருக்கு அபராதம் இன்னொரு செலவு. ஆட்டோக்காரனுக்கு அதே அபராதம் அடுப்பை அணைத்துவிடும். இரண்டாம் முறை பிடிபட்டவரிடம் வாங்க வேண்டியது சாவியை. குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் கிளம்பும் வண்டி வெளிநாட்டில் இருக்கிறதாம். அது இங்கே வரும்வரை வண்டியையே சில மாதம் நிறுத்தி வைக்கலாம். வீட்டுக்கும் தகவல் போக வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னால் எதிர் நாற்காலி போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் நண்பர் வீட்டு விசேஷம். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் வெயில் தாழ்ந்து வெளியே வந்தார். கார்க் கதவைத் திறந்ததும் குடி வாடை. டிபன் கடையில் நிறுத்தச் சொல்லவில்லை. தெருமுனைக்கு வந்ததும் வழக்கம்போல, “எறங்கு” என்றார். டியூஷன் விட்டு வந்த பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு சைக்கிளில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் சாவியை உருவிக்கொண்டேன்.

“நானே வாசல்ல வுட்டுர்றேன் சார்.”

“என் தெரு நைனா. கண்ணை மூடிக்கினு போவேன்.”

“அதான் சார் பயமா கீது.”

“சம்பளம் குடுக்கிறது யாரு?”

“நீங்கதான். ஆனா சாவி தரமாட்டேன்.”

திட்டினார். பிறகு குரல் இறங்கி, “இவ்ளோ நாள் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியேடா” என்றார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர அவருக்கு மனம் வரவில்லை. இறங்கி நடந்தார். நான் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன்.

அவர் மனைவி பதறிக்கொண்டு வந்தார். “யாருப்பா நீ? அவர் எங்கே?”

“ஆக்டிங் டிரைவர்மா. பின்னாடி நடந்து வராரு.”

“எங்களுக்கு டிரைவரே கிடையாதே.”

இத்தனை மாதமாக அந்த வீட்டில் நான் என்று ஒருவன் இல்லவே இல்லை. லைசென்ஸ் விஷயத்தைச் சொன்னேன். “சாவிய அவராண்ட குடுக்காதீங்கம்மா” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மா என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குள் அவரும் நடந்து வந்து சேர்ந்தார். வழியில் நிற்கும் யாரையோ விலகிப் போவதுபோல என்னை விலகி உள்ளே போனார்.

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. திருவான்மியூர் பக்கம் வேலை தேடிக்கொண்டேன். மழைக்காலம் தொடங்கியபோது அந்த அம்மா போன் செய்தார்.

“சாவி இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. ஆட்டோலதான் கடைக்குப் போறார். என்கிட்ட பேசறதே இல்லை.”

“என்னாண்டயும்தாம்மா.”

போனை வைக்கும் முன் அந்த அம்மா, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார்.