உள்மடிப்பில் ஒரு பொட்டு மஞ்சள்

வெள்ளையம்மா என்ற பெயரை ராமாமிர்தம் முதன்முதலில் கேட்டது, கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு மாமியார் வண்டியிலிருந்து இறங்கிய அன்றுதான். அப்போது ராமாமிர்தத்தின் தலையெல்லாம் தங்கப் பொடி. கல்யாணப் பத்திரிகையில் மை காயும் முன்னே பஞ்சால் அந்தப் பொடியைத் தூவினால்தான் எழுத்து பளபளக்கும். பதுளைக் கடைவீதியில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை.

“நமுனுகுல தேயிலைத் தோட்டத்து வீரய்யா கங்காணி இருக்காருல்ல, அவரு இளைய தாரத்து மக. பேரு வெள்ளையம்மா” என்றாள் மாமியார்.

ராமாமிர்தத்துக்குப் பெயரே பிடிக்கவில்லை. கல்யாணத்தன்று பார்த்தால் பெண் நல்ல கறுப்பு. அன்றைக்கு ராமாமிர்தம் நிம்மதியாகப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

அவர்கள் வீட்டு அச்சு யந்திரம் மாமனார் காலத்தில் பண்டாரவளை வரை ரயிலிலும், அங்கிருந்து மாட்டுவண்டியிலும் வந்து சேர்ந்தது. கைப்பிடியை இழுப்பவன் ராமாமிர்தத்தின் புருஷன் வைரவநாதன். எழுத்துக் கோப்பவன் அவன் தம்பி வீரசிங்கம். தாளை மடிப்பது மாமியார். அச்சான முதல் பத்திரிகையைப் பிள்ளையார் முன் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது வீட்டு மருமகளின் பாத்தியதை. வாழ வந்த நாள் முதல் அது ராமாமிர்தத்தின் விரல். அவள் வயிறு திறக்கவில்லை என்று ஊர் பேசியதுண்டு. அந்த விரலை யாரும் குறை சொன்னதில்லை.

“இந்த ஒரு தடவ புதுப்பொண்ணு வைக்கட்டுமே” என்றாள் மாமியார்.

வெள்ளையம்மா மஞ்சள் வைத்த அந்தப் பத்திரிகையின் கல்யாணப் பெண்ணுக்குத் தலைச்சனே இரட்டை ஆண்பிள்ளை. அவ்வளவுதான், தோட்டத்துக்குத் தோட்டம் பேச்சு பரவியது. கங்காணிமார் படியேறும்போதே, “சின்னம்மா கையால மஞ்சள் வச்சுக் குடுங்க, கைராசி” என்றார்கள்.

ராமாமிர்தம் என்ன செய்தாள்? வெள்ளையம்மா குளித்துவிட்டு வருவதற்குள் முதல் பத்திரிகையைத் திறந்து, உள்மடிப்பில் மிளகளவு மஞ்சளை வைத்து மூடிவிட்டாள். முதல் விரல் தன்னுடையதாக இருக்கட்டும். பிறகு வந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இதே கதைதான்.

வினை அங்கேதான் பிடித்தது. அந்தக் கல்யாணங்களும் ஓகோவென்று விளங்கின. பேரும் வெள்ளையம்மாவுக்கு, கங்காணிமார் கொண்டுவரும் வாழைக்குலையும் வெள்ளையம்மாவுக்கு. அவளுக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகளும் பிறந்தன. ராசி என்னுடையது என்று ராமாமிர்தம் யாரிடம் சொல்வாள்? ஆத்திரத்தில் பஞ்சைத் தட்டினாள். பொடி மூக்கில் ஏறியது.

“என்னக்கா இப்பிடித் தும்முறீங்க, கசாயம் வச்சுத் தரவா?”

“உன் கையால வேணாம்மா. ராசி ஒட்டிக்கிட்டு நான் சாகாமக் கெடக்கப் போறேன்.”

வெள்ளையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் அந்தக் கறுப்பு முகம் எவ்வளவு அழகு! அதுவும் ராமாமிர்தத்துக்கு எரிந்தது.

சில வருஷம் கழித்து வீரசிங்கம் பசறையில் தனியாகக் கடை போட்டான். வண்டியில் சாமான் ஏறியது. இனி மஞ்சள் எனக்குத்தான் என்று ராமாமிர்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளையம்மா அவள் காலில் விழுந்து எழுந்தாள்.

“அக்கா, உள்ள வைக்கிறத விட்டுறாதீங்க.”

“எத?”

“மஞ்சளத்தான். மொத தடவையே பாத்துட்டேன். மூத்தவங்க வச்சதாச்சேன்னு அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வெளிய வைப்பேன்.”

வண்டி போய்விட்டது. இதிலும் அவளே பெரியவளாகிவிட்டாளே என்று ராமாமிர்தத்துக்கு வயிறு காந்தியது. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அடுத்த வேலை எல்ல என்ற ஊர்ப் பக்கத்துக் கங்காணி ஒருவருடையது. ராமாமிர்தம் தலை முழுகி, நாலு மூலையிலும் தன் விரலாலேயே மஞ்சள் வைத்தாள். வாங்க வந்த கங்காணி பத்திரிகை இருந்த தட்டைப் பார்த்துத் தயங்கினார்.

“சின்னம்மா வச்சதுதானுங்களே? இல்லேன்னா மாப்ள வீட்டுல வாங்க மாட்டாங்க.”

வைரவநாதன் கைப்பிடியை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். ராமாமிர்தம் மஞ்சள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க. அவதான் வச்சுட்டுப் போனா.”

அந்தக் கல்யாணமும் நன்றாகவே விளங்கியது. வெள்ளையம்மா இப்போது பசறையில், கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில், புருஷனோடும் பெண் பிள்ளைகளோடும் இருக்கிறாள்.