பூட்டுக்காரர் பூட்டிய புல்

ஊரில் யார் வீட்டுக் கதவு சிக்கிக்கொண்டாலும் பூட்டுக்காரருக்குத்தான் ஆள் வரும். பீரோ, கடை ஷட்டர், கல்லாப்பெட்டி எல்லாம் அவர் கைபட்டால் வழிக்கு வந்துவிடும். தன் வீட்டுப் பின்பக்க வேலியில் இருக்கும் ஒரே ஒரு நெஞ்சுயர மரக்கதவை மட்டும் ஒரு கோடை முழுக்கப் பூட்டி வைக்க அவரால் முடியவில்லை. இதை வேறு யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை, கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

கதவுக்கு அந்தப் பக்கம் புல்வெளி, இந்தப் பக்கம் வெறும் மண்தரை. மண்தரையில் நிற்பது மகாராணி என்கிற பழுப்புக் குதிரை. இழுத்து மூடப்போகும் ஒரு சவாரிப் பள்ளியில் துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் போனவர், உள்ளே தனியாக நின்றிருந்த அதைப் பார்த்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தார். மனைவி குதிரையை மேலும் கீழும் பார்த்தாள். "சுத்தியல் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். அதை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வருஷம் மழை கைவிட்டது. புல் விரல் உயரத்துக்கு இறங்கியது. குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. மாடு விட்டுவைக்கிற அளவுகூட விடாமல் மண்ணோடு ஒட்டக் கத்தரித்துவிடும். வேர் செத்தால் பிறகு மழை கொட்டினாலும் பயனில்லை. புல்வெளி போனால் மகாராணியும் போகும். ஏனென்றால் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், ஆற்றோரம் பெரிய நிலம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"புல்லு தீர்ந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ளே, வந்து ஓட்டிட்டுப் போயிடுறேன். குதிரை வளர்க்கறதும் பூட்டுக்கு எண்ணெய் விடறதும் ஒண்ணா?"

பூட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கையாலேயே ஒரு பூட்டுச் செய்து கதவில் மாட்டினார். ஒரு சாவி அவர் இடுப்பில், ஒன்று சமையலறை ஆணியில். மகாராணிக்கு மண்தரையில் உலர்ந்த புல்கட்டு.

"மழை பெய்யற வரைக்கும் உள்ளே விடக் கூடாது. அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன்" என்றார்.

"எனக்கென்ன, நீங்க திறக்காம இருந்தா சரி" என்றாள் மனைவி.

ஆண்டவன் வரவில்லை. மகாராணி வந்தது. மத்தியானம் கடை பூட்டிச் சாப்பிட வந்தவரைக் கதவின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தது, அவ்வளவுதான். கனைத்திருந்தால்கூட அதட்டியிருப்பார். சும்மா பார்த்ததை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு மனைவி கண்ணயர்ந்ததும் போய்த் திறந்தார். "ஒரு வாய்தான்டி, உடனே வந்துடணும்" என்றார். பல் குத்திய குச்சியைப் போட்ட பிறகும், பழைய வாளியைக் கழுவி முடித்த பிறகும் அந்த ஒரு வாய் முடியவில்லை. மறுநாளும் அதே கதை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, இங்கே வேலிக்குப் பூட்டுப் போட்டவரே கூட்டிக்கொண்டு போய் மேய்த்தார்.

ஆனால் புல் அவர் கணக்கையும் மீறிக் குறைந்துகொண்டே போனது. முயல்கள்தான் காரணம் என்று முடிவு கட்டினார். வேலியடியில் கம்பிவலை அடித்தார். முயலைத் திட்டியபடி அடித்ததில் கட்டைவிரல் நசுங்கியது. அந்தப் பக்கத்தில் முயலைப் பார்த்தவர் யாரும் கிடையாது.

ஒரு காலையில் மகாராணி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நின்றது. திரும்பச் சொன்னால் நடுங்கியது. குளம்பைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார்; அப்படிச் சுட்டது. பட்டினி போட்டே கொன்றுவிட்டோமே என்று டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

கால்நடை டாக்டர் வந்து கழுத்தைத் தடவினார்.

"பட்டினியா? பாருங்க, பலகை மாதிரி கொழுப்புக் கட்டி நிக்குது. வெயில்ல வாடி நிக்கற குட்டைப் புல்லுல சர்க்கரை அதிகம். அதுதான் குளம்புல இறங்கியிருக்கு. இதை யாரு புல்லுல விடறது?"

"நான்தான்" என்றார் பூட்டுக்காரர்.

"நான்தான்" என்றாள் மனைவியும் அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கடைக்குப் போன கையோடு அவளும் தினமும் காலையில் திறந்துவிட்டிருக்கிறாள்.

"அது என்னையே பார்த்துச்சுங்க" என்றாள்.

"என்னையும்தான்."

ஊரே காய்ந்து கிடந்த கோடையில் இரண்டு வேளை விருந்து சாப்பிட்டு நோயில் விழுந்தது அவர்கள் வீட்டுக் குதிரை ஒன்றுதான்.

"இனி ஒரு வாய் போனாலும் காலை ஊன முடியாமப் படுத்துடும். அப்புறம் என்னைக் கூப்பிடறதுல பிரயோஜனம் இல்லை" என்றார் டாக்டர். உலர்ந்த புல்லையும் நீரில் ஊறவைத்து அலசிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பூட்டுக்காரர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தன்னை நம்ப முடியாது. மனைவியையும் நம்ப முடியாது. கடைசியில் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நான் போட்ட பூட்டு நல்ல பூட்டுதான் மச்சான். ஆளுதான் சரியில்லை. இதை நீங்க வெச்சுக்கங்க."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும் சிரித்தார். ஆனால் தினம் வந்தார். புல்லை ஊறவைத்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், மாப்பிள்ளையின் மனவலிமையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். பூட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகாராணி மெல்ல மெல்ல நான்கு கால்களையும் சமமாக ஊன ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர் பார்த்தார்: மச்சான் கதவடியில் நிற்கிறார். கதவின் மேல் மகாராணியின் தாடை. மச்சான் கையில் சாவி.

"மாப்ளே, பாவம், என்னையே பார்க்குது. ஒரு வாய் விட்டா என்ன?"

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதிலுக்குப் பதில் பேச ஒரு கோடைக்கான சங்கதி கையில் இருந்தது. அதில் ஒன்றையும் அவர் பேசவில்லை. மச்சான் விரல்களைப் பிரித்துச் சாவியை வாங்கி, தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கூடாது மச்சான்" என்றார். மகாராணி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை.

மகாராணி அவரைப் பார்த்தது. அவர் திறக்கவில்லை. அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோபத்தோடு, கொஞ்சம்கூட நொண்டாமல் மண்தரையின் மறுகோடி வரை நடந்து போனது.