முருங்கையென்று பறித்த மலைமரம்

மெஸ்ஸில் முருங்கைக்காய் சாம்பார் என்றதும் பசங்க எல்லாம் தட்டோடு ஓடினார்கள். நான் மட்டும் சமையல்கட்டுக்கு ஓடினேன். காய்கறி வண்டி அந்த வாரம் மலை ஏறவே இல்லை. பிறகு முருங்கைக்காய் எங்கிருந்து வரும்?

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அமீரகத்தில் புஜைரா பக்கம் மலை ரோடு வேலையில் நான் சூப்பர்வைசர். ரோடு போகிற வாதியில், அதாவது காட்டாற்றுப் பள்ளத்தில், ஒரு மரம் நின்றது. அந்த வட்டாரத்தில் அரிதான காட்டு மரம். ரோட்டுக்காக அதை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன் முற்றின விதையை எடுத்து நர்சரியில் போடுவதாக ஏற்பாடு. டேப் கட்டி, அரபியிலும் இங்கிலீஷிலும் உருதுவிலும் போர்டு வைத்திருந்தோம். "ஒரு காய் குறைஞ்சாலும் விசா கேன்சல், கலாஸ், கதை முடிஞ்சது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். விதை எடுக்க ஆபீசர் வருவதும் அன்றைக்குத்தான்.

கேம்ப் சமையல்காரர் சுடலை, திசையன்விளைக்காரர். வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை; போர்டில் இருந்த மூன்று பாஷையும் படிக்கத் தெரியாது.

"எங்க பறிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வாதியிலதான் அண்ணாச்சி. நம்ம முருங்கதானே? மரம் பட்டுப்போச்சு, காய் மட்டும் தொங்குது. வீணாப் போகுதேன்னு அம்புட்டையும் பறிச்சிட்டேன்."

மரம் பட்டுப்போகவில்லை. அந்த ஜாதிக்கு அதுதான் அடையாளம். வளர்ந்த மரத்தில் சின்ன இலையெல்லாம் உதிர்ந்து, காம்பு மட்டும் ஈர்க்குச்சி போலத் தொங்கும். காய் நம் முருங்கையைவிடக் குட்டை, விதைக்கு விதை இடுங்கியிருக்கும். முருங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாக்குச் செத்துக் கிடக்கிற நம் ஊர்க்காரருக்கு இந்த வித்தியாசமா கண்ணில் படும்?

விஷயத்தைச் சொன்னதும் சுடலை கரண்டியைக் கீழே வைத்தார். "என்னை ஊருக்கு அனுப்பிருவாவளா அண்ணாச்சி?"

எனக்கும் அதே பயம்தான். மரத்துக்குக் காவல் என் பொறுப்பு. மனைவியும் பையனும் என் விசாவில் ஷார்ஜாவில் இருந்தார்கள். என் விசா போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். குண்டானில் கரண்டியை விட்டுப் பார்த்தேன். எல்லாம் வெந்து குழைந்திருந்தது. அதற்குள் வெளியே பிக்கப் வந்து நின்றது.

ஆபீசர் ஒரு எமிராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். அவர் மொட்டைக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார். "காய் மாஃபி? ஒன்றுகூட இல்லையா? எங்கே போனது?"

ஆடு தின்றுவிட்டது என்று சொல்லலாம். மலை முழுக்க ஆடு, நிச்சயம் நம்புவார். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

வாயைத் திறப்பதற்குள் சுடலை அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உடம்பெல்லாம் வெங்காயச் சருகும் மீன் செதிலும். "நான்தான் சமைச்சேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. முத்தல் வேகாதுன்னு கழிச்சுக் குப்பையில போட்டது இம்புட்டும். எதுக்காவது ஆகுமான்னு கேளுங்க."

கேட்டேன். ஆபீசர் ஒரு காயைப் பிளந்தார். நம் முருங்கை விதைக்குக் காகிதம் போலச் சிறகு இருக்கும். இதற்குச் சிறகே இல்லை, மூன்று பட்டையோடு கொட்டை மாதிரி உருண்டது. அதை நகத்தால் கீறிப் பார்த்தார். அடுத்தடுத்து இன்னும் நாலைந்து காயைப் பிளந்து பார்த்தார்.

"இளசு எனக்கும் உதவாது. நானும் இப்படித்தான் பிரித்திருப்பேன்" என்றார் கடைசியில். "விதை வந்து சேர்ந்தது என்று உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன். யல்லா, வேலையைப் பாருங்கள்."

சுடலை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஆடு என்று நான் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்போம். ஆனால் சாயங்காலம் குப்பை வண்டி வந்து அத்தனை விதையையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும், எனக்குத் தெரிந்தேகூட இருக்காது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயத்தில் பொய் வரத்தான் செய்யும். காப்பாற்ற இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள்.