நோவாக் கோத்திரம்

அறுபதுகளின் நடுவில் திருச்சிக்கு வெளியே பெரிய தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். அங்கே வரைபடப் பிரிவில் இருந்த ஒருவரும் நானும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினோம். ஜாதி ஒன்றுதான், ஜாதகமும் பொருந்தியது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே கோத்திரம். ஒரே கோத்திரம் என்றால் அண்ணன் தங்கை முறை என்று சித்தப்பா மறுத்துவிட்டார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தாத்தாவுக்குத் தாத்தா பெயரைக் கேட்டால் முழிப்பார். எந்தக் காலத்திலோ இருந்த ரிஷியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைப் போல அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த இன்ஜினியர் ஒருவர் மனைவியோடு கோயில் பார்க்க வந்தார். காபிக்கு வீட்டுக்கு அழைத்தேன். வெள்ளைக்காரர் என்றதும் சித்தப்பா ஓடிப்போய் ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் உட்கார்ந்ததுமே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“அவாளோட குடும்பப் பேர் என்னன்னு கேளு.”

நோவாக் என்றார் இன்ஜினியர். கல்யாணத்துக்கு முன்பே மனைவியின் குடும்பத்துக்கும் அதே பெயர்தான் என்று சிரித்தபடி சேர்த்துச் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயய்யோ! ஒரே கோத்ரத்துலயா பண்ணிண்டா?”

கோத்திரம் என்றால் என்னவென்று இன்ஜினியருக்கு நான் விளங்கவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பிறகு அவர் பொறுமையாகவே சொன்னார். ஓர் ஊருக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால் ஊரார் அவனுக்கு வைக்கும் பெயர்தான் நோவாக். புதியவன் என்று அர்த்தம். ஆள் புதிதாக வராத ஊர் ஏது? அதனால் அவர்கள் நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு நோவாக் இருப்பாராம். அக்கம்பக்கத்து ஸ்லாவ் நாடுகளிலும் உண்டு, யூதர்களிலும் உண்டு. அவருடைய அப்பா விவசாயி. மனைவியின் அப்பா வேறு ஊரில் கடை வைத்திருந்த யூதர். இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சித்தப்பா கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

“பேர் ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணாயிடுமா? தோஷமே இல்லைன்னு அவாகிட்ட சொல்லு.”

யாரும் கேட்காத அனுமதியைக் கொடுத்துவிட்டு அப்படி ஒரு பூரிப்பு அவருக்கு. அவர்கள் கிளம்பியதும், “அப்போ எங்க விஷயம் சித்தப்பா?” என்றேன்.

“அது ஊர்க்காரன் வெச்ச பேர்டி. நம்மளது ரிஷி வழியா வந்தது. அதுக்குப் பரிகாரமே கிடையாது.”

வரைபடப் பிரிவுக்காரர் தை மாதம் தன் அம்மா பார்த்த பெண்ணுக்குத் தாலி கட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத உத்தமர். அவருக்காகவா அத்தனை அழுதேன் என்று இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கொஞ்ச காலம் கழித்து சித்தப்பாவின் பிள்ளைக்கு டில்லியில் வரன் அமைந்தது. பெரிய அதிகாரியின் ஒரே பெண். அவர்களுக்கும் எங்கள் கோத்திரம்தான். கல்யாணத்துக்கு முதல் நாள், வேறு கோத்திரக்காரரான அவளுடைய மாமாவுக்குப் பெண்ணை ஸ்வீகாரமாகத் தத்துக் கொடுத்தார்கள். ஹோமப் புகை அடங்குவதற்குள் அவள் கோத்திரம் மாறிவிட்டாள். முன்னின்று நடத்தியவர் சித்தப்பாதான்.

சாப்பாடு முடிந்து அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, எல்லார் எதிரிலும் கேட்டேன். “இப்படி ஒரு வழி இருக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியாம என்ன?” என்றார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. “நீ கேக்கலியே.”