தண்ணீர் பிடிக்கப் போன நேரம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குழந்தைகள் பிரிவின் தாழ்வாரம் முடிகிற இடத்தில், எக்ஸ்ரே அறைக்குத் திரும்பும் மூலையில். பன்னிரண்டு வயதிலிருந்து அங்கே எத்தனையோ முறை பாட்டில் நிரப்பியிருக்கிறேன். என் இதயத்தில் கோளாறு இருக்கிறது என்பது மட்டும் இருபத்தொரு வயது வரை எனக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு தொண்டை வலியில் தொடங்கியது. தொண்ணூற்றொன்றில், பெங்களூர் மர்பி டவுன் வீட்டில், காய்ச்சலோடு சில நாள் படுத்திருந்தேன். அம்மா வைத்த கஷாயத்தில் அது போய்விட்டது. சில வாரம் கழித்து வலது முட்டி வீங்கியது. அது வடிந்ததும் இடது முட்டி, அப்புறம் கணுக்கால். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரி வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது.

ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு தன் மூட்டையும் இதயத்தையுமே தாக்குவது) என்று பெயர் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி. காய்ச்சல் திரும்ப வந்து இதயத்தை மேலும் கெடுக்காமல் இருக்க அந்த ஊசி என்று உங்களுக்கு இப்போது சொல்கிறேன். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேச வாயெடுப்பார். உடனே அம்மா என் பக்கம் திரும்புவாள்.

"மஞ்சு, போய் தண்ணி புடிச்சினு வா."

பாட்டில் பாதிகூடக் காலியாகியிருக்காது. கன்னடத்தில் பேசி மறைக்கவும் வழியில்லை, என் கன்னடம் அம்மாவுடையதைவிட நன்றாக இருந்தது. நான் திரும்பி வரும்போது டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்.

"இன்னா சொன்னாரு?"

"முட்டி வலிக்குத்தான் ஊசி. வுடாம போடணுமாம்."

நம்பினேன். அம்மா சொன்னால் நம்பாமல் வேறென்ன செய்வேன்?

பதினைந்து வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே ஊசி அறைத் திரை இடுப்புவரைதான் தொங்கும். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசை. ஊசி போடுகிறவர் துணியைத் தளர்த்தச் சொல்வது தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். என் வயது, வலி, மாதவிலக்கு எல்லாவற்றையும் என் முன்னாலேயே அம்மாவிடம்தான் கேட்டார்கள். நான் ஒரு மூட்டை மாதிரி நின்றிருந்தேன்.

ஒருமுறை எங்கள் தெருப் பையன் ஒருவன் நாய்க்கடி ஊசிக்கு அதே வரிசையில் நின்றான். மறுநாள் டியூஷனில் அவன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்தான். தன் இடுப்பைத் தடவிக் காட்டிச் சிரித்தான். அதோடு நான் முடிவு செய்துவிட்டேன்.

அம்மா முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி நல்லாதான் கீது. இனிமே எதுக்கும்மா ஊசி?"

"டாக்டர் சொன்னாரு இல்ல."

"எதுக்குன்னு சொல்லு. சொன்னா போறேன்."

அம்மா உரிப்பதை நிறுத்தினாள். வாய்வரை ஏதோ வந்தது போல இருந்தது. பிறகு அடுத்த காயை எடுத்தாள்.

"சரி, வுடு. வலிச்சா போய்க்கலாம்."

அன்று எனக்கு விடுதலை கிடைத்த சந்தோஷம். இதை எழுதும்போது அந்த முறமும் அவரைத் தோலும் கண்முன் நிற்கின்றன.

டிகிரி முடித்து ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். முதலில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு தலைசீவினாலே வாங்கியது. இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. ரத்தசோகை என்று நினைத்துச் சத்து மாத்திரை தின்றுகொண்டிருந்தேன்.

எக்கோ (இதயத்தை ஒலியலையால் படமெடுப்பது) எடுத்தபின் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். வழக்கம்போல அம்மா பதில் சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, நீங்க ஸ்வல்ப நேரம் வெளிய உக்காருங்க. இவங்களே சொல்லட்டும்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சின்ன வயசுல ஊசி போட்டிங்கல்ல? எதுக்குன்னு தெரியுமா?"

"முட்டி வலிக்கு."

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அதையே எடுத்துக் காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். ஈரிதழ் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு) தடித்துச் சுருங்கிவிட்டது, பலூன் வைத்து விரிக்கும் நிலை தாண்டிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்.

"ஊசிய நிறுத்தாம இருந்திருந்தா?"

"இவ்ளோ தூரம் வந்திருக்காதுன்னுதான் நெனைக்கறேன்," என்றார். மழுப்பவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

வெளியே பெஞ்சில் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்தாள்.

"உனக்கு எப்பத்திலருந்து தெரியும்?"

"மொதல்லருந்தே," என்றாள். "ஹார்ட்டுன்னு ஒரு வார்த்த வெளிய போனா உன்ன யாரு கட்டுவாங்க?"

பல மாதம் அம்மாவிடம் நான் சரியாகப் பேசவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தலையை வாரிவிட்டபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் மார்புக்குள் உலோக வால்வு. அமைதியான அறையில் அது தட்டுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையோடு கருவுற்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குழந்தையைப் பற்றி நான் அதுவரை நினைத்ததே இல்லை, வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அழுதேன். ஆம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அம்மா கண்ணைக் காட்டியும் கேட்காமல் உண்மையைச் சொன்னேன். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாமென்று அம்மா கெஞ்சியதால் அந்தச் சத்தத்தை மறைக்க வெயிலிலும் தடித்த சால்வை போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சில வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுச் செல்வியின் மகள் ரேவதிக்கு முட்டி வீங்கியது. செல்விக்கு ஆஸ்பத்திரி பழக்கமில்லை, அதனால் அம்மாவும் நானும் கூடப் போனோம். அதே தாழ்வாரம், அதே குழாய். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். செல்வி கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"ரேவதி, போய் தண்ணி புடிச்சினு வா."

அம்மா அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவள அனுப்பாத செல்வி. இங்கயே நின்னு கேக்கட்டும். எம்பொண்ண நான் இப்டித்தான் அனுப்பினேன்."

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என் சால்வையை விலக்கி, ரேவதியின் தலையை இழுத்து என் மார்பில் சாய்த்தாள்.

"காத வச்சு கேளு. நான் சொல்லாம வுட்டது இதுதான்."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? பத்து வருடத்துக்கு மேல் காப்பாற்றிய ஒரே வார்த்தையை அவள் அங்கே இறக்கி வைத்தாள். ரேவதி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "எனக்கும் ஹார்ட்டா?" என்றாள். அவர் அவளிடமே பதில் சொன்னார். அவளுக்கு லேசான பாதிப்புதான், ஊசியை விடாமல் போட்டால் போதும்.

எனக்கு இதயத்தை வரைந்து காட்டிய டாக்டர் இப்போது சனிக்கிழமை மத்தியானம் இளவயதினருக்கு மட்டும் ஒரு அறை வைத்திருக்கிறார். தரைவரை தொங்கும் திரை, ஊசி போட ஒரு நர்ஸம்மா. முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார், பிறகுதான் பெற்றவர்களிடம். பெரிய செலவொன்றும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால், எதற்கென்று தயவுசெய்து அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரேவதியோடு நான் போகிறேன். அவள் உள்ளே போனதும் செல்வியும் நானும் பெஞ்சில் உட்காருவோம். கூட வரும் அம்மாவால் அங்கே உட்கார முடிவதில்லை. நிறைந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு தானாகவே குழாய்ப் பக்கம் போய்விடுகிறாள்.

இந்த உலோகம் எத்தனை வருடம் தட்டும் என்று டாக்டரிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்றிருந்தேன். ரேவதிக்கு இப்போது பதின்மூன்று. இருபத்தொரு வயது வரையாவது ஊசி தொடர வேண்டும் என்கிறார்கள், இன்னும் எட்டு வருடம் நான் கூடப் போக வேண்டும். போன சனிக்கிழமை அவள் ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தபோது, அதை டாக்டரிடம் முதல் தடவையாகக் கேட்டுவிட்டேன்.